கடையில் யாரும் ரேடியோவைப் போட்டுப் பார்க்கவில்லை

காரில் இருந்த கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டுப் புது செட் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. செலவான 14,500 ரூபாயும் மறந்துவிட்டது. மறக்காமல் உறுத்திக்கொண்டிருப்பது ஒன்றுதான். அன்று சென்னை ஜி.பி. ரோட்டில் மூன்று மணி நேரம் நின்றேன். கடைக்காரர், ஃபிட்டர், அவருக்கு ஸ்க்ரூ எடுத்துக்கொடுத்த பையன், நான் என்று நான்கு பேர் அந்தத் திரையைத் தடவித் தடவிப் பார்த்தோம். ரேடியோ எடுக்கிறதா என்று பார்க்க நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாங்கப் போனதோ கார் ரேடியோ.

ஆரம்பம் என்னவோ பேட்டரியில்தான். என்னுடையது 2015 மாடல் சின்ன கார். திங்கள் முதல் வெள்ளி வரை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூங்கும், நான் மெட்ரோவில் போய்விடுவேன். ஒரு சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பினால் ‘கட கட’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரரின் காரிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பினோம். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி, பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொண்டு 35 ஆம்பியர் பேட்டரி புதிதாகப் போட்டேன். போட்டதும் செட் நான்கு இலக்க ரகசிய எண் கேட்டது. பேட்டரியைக் கழற்றினால் திருட்டுப்போனதாக நினைத்துக்கொள்ளும் ரகம் அது. கார் புத்தகத்துக்குள் செருகியிருந்த அட்டையைத் தேடி எடுத்து எண்ணைப் போட்டேன். வாழ்க்கை சரியானது. மூன்றாவது சனிக்கிழமை, புது பேட்டரியோடு, ‘கட கட’.

எங்கள் தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தார். கதவையெல்லாம் சாத்திவிட்டு அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். கார் முழுதாகத் தூங்கிய பிறகுதான் உண்மை தெரியுமாம். திரும்பி வந்து பார்த்தால் மீட்டரில் 0.4 ஆம்பியர். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை, இது அதைப்போல எட்டு மடங்கு. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தார். ஆடியோ ஃப்யூஸை உருவியதும் எண் சட்டென்று இறங்கியது. “செட்டு தூங்க மாட்டேங்குது சார்,” என்றார். திரை அணைந்திருக்கிறது, பாட்டு இல்லை, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று விழித்துக்கொண்டே இருக்கிறது. பேட்டரியின் 35 ஆம்பியர்-ஹவரை 0.4-ஆல் வகுத்தால் 87 மணி நேரம், அதாவது மூன்றரை நாளுக்குச் சற்று மேல். திங்கள் காலை பூட்டிய கார் வியாழன் இரவே செத்துவிடும். என் சனிக்கிழமைகளின் மர்மம் ஒரே வகுத்தலில் தீர்ந்தது.

சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு அந்த மாடல் செட் இப்போது வருவதில்லை, வரவழைத்தாலும் விலை இருபதாயிரத்தைத் தாண்டும் என்றார்கள். புதுப்பேட்டையில் உடைத்த காரிலிருந்து எடுத்தது கிடைக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். கிடைத்திருக்கும். ஆனால் அதற்குள் எனக்கு ஆசை வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரிப்பேர் செய்ய முடியுமா என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை. கேட்டால் முடியும் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

ஒன்பது இன்ச்

ஜி.பி. ரோட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மயக்கம் வரும். சீட் கவர், சன் ஃபிலிம், ஸ்பீக்கர் என்று இருபுறமும் கடைகள், கடைக்கு வெளியே ரோட்டிலேயே ஒர்க்‌ஷாப். வண்டியை நிறுத்துவதற்குள் இரண்டு பேர் கண்ணாடியைத் தட்டி “என்ன சார் பண்ணணும்” என்பார்கள். நான் போன கடைக்காரர் நல்ல மனிதர். டேஷ்போர்டைப் பார்த்ததுமே, “டபுள் டின் சார், ஒன்பது இன்ச் ஃபிரேம் கச்சிதமா உட்காரும்,” என்றார். 180 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம் உள்ள ஓட்டைதான் டபுள் டின். ஜெர்மானியர்கள் வகுத்த ஒரு அளவு உலகம் முழுக்க டேஷ்போர்டுகளைப் பிடித்துக்கொண்டது. அந்த ஓட்டையைவிடத் திரை பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, ஃபிரேம் வைத்து வெளியே நீட்டிக்கொள்ளலாம். ஒன்பது இன்ச் என்பது என் பெண்ணின் சிலேட்டைவிடப் பெரியது.

இரண்டு ஜிபி, நான்கு ஜிபி, எட்டு கோர் என்று செல்போன் கடை மாதிரியே பேச்சு. பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று போட்டிருந்தது. செட்டின் பின்னால் இருந்த ஃப்யூஸ் 10 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ட். பெருக்கினால் 140 வாட்தான் வருகிறது, 200 வாட் எங்கிருந்து வரும் என்று வீட்டுக்கு வந்த பிறகு கணக்குப் போட்டேன். கடையில் நிற்கும்போது இந்தக் கணக்கெல்லாம் யாருக்கு வருகிறது? ஆண்ட்ராய்டு ஆட்டோ வருமா, ரிவர்ஸ் கேமரா உண்டா, ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்யுமா. நான் கேட்ட கேள்விகள் மூன்றே மூன்று. மூன்றுக்கும் ஆமாம் என்றார்.

ஃபிட்டரின் கை வேலையைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் நெம்புகோலை விட்டு ஒரு இழுப்பு இழுத்ததும் டேஷ்போர்டு முகப்பு ‘டக் டக்’ என்று கிளிப்புகளிலிருந்து கழன்றது. நான்கு ஸ்க்ரூ. செட் வெளியே வந்தது, பின்னால் குடல் போல ஒயர்கள். இப்போதெல்லாம் ஒயரை வெட்டுவதில்லை, ஒயர்கள் வந்து முடியும் கம்பெனி கப்ளருக்கும் புது செட்டுக்கும் நடுவே மாட்டுவதற்கென்றே காருக்குக் கார் தனிக் கப்ளர் விற்கிறது. எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே செருகினார். ஸ்டீயரிங்கில் உள்ள ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு அளவு மின்தடையைக் காட்டும். இது சத்தம் கூட்ட, இது அடுத்த பாட்டு என்று ஒவ்வொன்றாக அமுக்கிச் செட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் யூட்யூபில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டு பாஸை ஏற்றினார். கதவு அதிர்ந்தது. கேமராவைப் போட்டார், பின்னால் நின்ற ஆட்டோ திரை முழுக்கத் தெரிந்தது. “சூப்பர் சார்.” நானும் சூப்பர் என்றேன்.

பழைய செட்டை 800 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார் கடைக்காரர். ஏனோ கொடுக்க மனம் வரவில்லை. டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மணப்பாறைக்கு அப்புறம்

மூன்று வாரம் கழித்து, கண்புரை ஆபரேஷனுக்குச் சென்னை வந்திருந்த அப்பாவை ஊருக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. எங்களுக்குப் பெரியகுளம். ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தவர் திரையைப் பார்த்து, “என்னப்பா இது, டிவி மாதிரி இருக்கு,” என்றார். பெருமையாக இருந்தது. அவருக்குப் பிடித்த பழைய பாட்டெல்லாம் போனிலிருந்து போட்டேன். விழுப்புரம் வரை கேட்டார், திருச்சி வரை தூங்கினார்.

மணப்பாறை தாண்டியதும் எழுந்து உட்கார்ந்தார். “கோடையை வைப்பா.”

திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கொடைக்கானல் மலையிலிருந்து ஒலிபரப்பாகும் கோடை பண்பலை 100.5 என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சொந்த ஊர்க் காற்று பிடிபட ஆரம்பித்துவிட்டது என்பதற்கு எங்களுக்கு அதுதான் அடையாளம். பழைய செட்டில் மணப்பாறைக்கும் வையம்பட்டிக்கும் நடுவே, மலை கண்ணுக்கே தெரியாத இடத்திலேயே அது பேச ஆரம்பித்துவிடும். அப்பா கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலேயே கையை நீட்டிக் குமிழைத் திருகி வைத்துவிடுவார். இப்போது குமிழ் இல்லை. நான் ரேடியோ படத்தைத் தொட்டு, 100.5-ஐ அமுக்கினேன். ‘ஸ்ஸ்ஸ்ஸ்’. தேடச் சொல்லி விட்டால் 87.5-இல் தொடங்கி 108 வரை ஓடி ஒன்றிலும் நிற்காமல் திரும்ப வந்தது. “இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்பா,” என்றேன். வடமதுரை வந்தது. இரைச்சலுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல ஒரு குரல். திண்டுக்கல்லிலும் அப்படியேதான். ஆகாசவாணியின் செயலியில் கோடையும் வருகிறதே என்று போனில் போட்டுக் கொடுத்தேன். நன்றாகத்தான் வந்தது, டவர் போன இடத்திலெல்லாம் நின்று நின்று. ஐந்து நிமிடம் பொறுத்தவர், “ரேடியோவுக்கு நெட்டு எதுக்குப்பா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இருட்டிய பிறகு இன்னொரு தொல்லை. ஹெட்லைட் போட்டும் திரை மங்கவில்லை, டியூப்லைட் மாதிரி எரிந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அது கூசியிருக்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துத் திரைமேல் போட்டார். ஒன்பது இன்ச் திரைமேல் காசித்துண்டு. அப்படியே வண்டி ஓட்டினேன். வத்தலக்குண்டு தாண்டி, கொடைக்கானல் மலை கறுப்பாக எதிரே எழுந்து நிற்கும் இடத்தில், துண்டுக்கு அடியிலிருந்து சட்டென்று கோடை தெளிவாகப் பாடியது. “பாத்தீங்களா, வந்துருச்சு,” என்றேன்.

“மலைக்குக் கீழ வந்தா தகர டப்பாகூடப் பாடும்,” என்றார்.

குச்சிக்குக் கரண்ட்

மறுநாள் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். தேனி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, டிராக்டர், லாரி, ஜீப் எல்லாவற்றுக்கும் ஒயரிங் பார்க்கும் ஒருவர். அறுபது வயது இருக்கும். அப்பாவுக்குத் தெரிந்தவர். நான் எட்டு கோர், நான்கு ஜிபி என்று தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வண்டியைக் கொட்டகைக்குள் விடச் சொன்னார். தகரத்துக்குக் கீழே வந்ததும் மலையடிவாரத்திலேயே கோடை செத்துப்போனது. வெளியே எடுக்கச் சொன்னார், வந்தது. ஏறி நின்று கூரையில் இருக்கும் ஆன்டெனாவை விரலால் சுண்டினார். அப்புறம் கேட்டார்:

“தம்பி, குச்சிக்குக் கரண்ட் போகுதா?”

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஆன்டெனா என்பது ஒரு கம்பி. கம்பிக்கு எதற்குக் கரண்ட்? மொட்டை மாடியில் டிவி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி வளர்ந்தவன் நான்.

அவர் பானெட்மேல் விரலால் கோடு போட்டுச் சொன்னதை வீட்டுக்கு வந்து படித்து உறுதிசெய்துகொண்டேன். 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் அலையின் நீளம் 3 மீட்டர். அதை நன்றாகப் பிடிக்க அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். அந்தக் காலத்து அம்பாஸடரில் இழுத்து நீட்டுவோமே, அது சும்மா அழகுக்கு இல்லை. இன்றைய காரின் கூரையில் இருப்பது ஒரு சாண் குச்சி. அந்தக் குறையை ஈடுகட்ட அதன் அடியில், கூரைக்குள், சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறார்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும். கம்பெனி செட் தான் விழிக்கும்போது அதற்கும் கரண்ட் கொடுத்து எழுப்பிவிடும். புது செட்டும் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறது, அதற்கென்றே நீல ஒயர் ஒன்று வைத்திருக்கிறது. அதை இணைக்காவிட்டால் ஆம்ப்ளிஃபையர் உதவாமல் இருப்பதோடு நிற்பதில்லை. வருகிற சிக்னல் அந்தச் செத்த சர்க்யூட்டைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதால் வழியையும் மறித்துக்கொள்கிறது.

செட்டை வெளியே இழுத்தார். நீல ஒயர் இருந்தது. நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மற்ற ஒயர்களோடு சேர்த்து அழகாகக் கட்டப்பட்டிருந்தது. நடுவில் மாட்டிய கப்ளரில் அது போய்ச் சேர வேண்டிய பின்னுக்கான குழி காலியாக இருந்தது. ஜி.பி. ரோட்டு ஃபிட்டர் இணைக்க இடம் இல்லாததைப் பத்திரமாக மூடிவைத்திருக்கிறார், அவ்வளவுதான். இவர் வண்டியை மறுபடி கொட்டகைக்குள் விடச் சொல்லி, ரேடியோவைப் போட்டு ‘ஸ்ஸ்ஸ்’ என்று விட்டுவிட்டு, டேப்பைப் பிரித்தார். ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை நீலத்தில் முறுக்கி, மறு முனையைக் கார்ப் பக்கத்துக் கப்ளரின் பின்னில் தொட்டார். இரைச்சல் அப்படியே உள்வாங்கியது. ஒரு பெண் குரல், தென்னைக்கு உரம் வைப்பது பற்றி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசினார். ஒயரை எடுத்தார், ‘ஸ்ஸ்ஸ்’. தொட்டார், உரம். எடுத்தார், தொட்டார். எனக்காக நான்கைந்து முறை செய்து காட்டினார் என்று நினைக்கிறேன். அப்பா கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. உரத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே கட்டில் ஆரஞ்சு ஒயர் ஒன்றும் டேப்புக்குள் இருந்தது. “ராத்திரி லைட்டு போட்டா ஸ்க்ரீன் மங்குதா?” என்று கேட்டார். துண்டுக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு அதையும் பார்க்கிங் லைட் ஒயரோடு சேர்த்தார். இரண்டுக்கும் சேர்த்து 150 ரூபாய்.

கோபத்தோடுதான் சென்னை திரும்பினேன். கடைக்காரரிடம் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். செங்கல்பட்டு தாண்டும்போது ஒன்று தோன்றியது. சென்னைக்குள் ஒலிபரப்புக் கோபுரங்கள் பக்கத்திலேயே நிற்கின்றன. வானொலியின் எஃப்.எம். ரெயின்போ 101.4-ஐ இந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை நானே போட்டிருக்கிறேன், குறை ஒன்றும் தெரியவில்லை. ஆக, அன்று ஜி.பி. ரோட்டில் யாராவது ரேடியோவைப் போட்டுப் பார்த்திருந்தாலும் நன்றாகத்தான் பாடியிருக்கும். இதற்குத் தலைப்பாக வைத்திருக்கும் குற்றச்சாட்டு அங்கேயே பாதி உடைந்துவிட்டது. ஆனாலும் முழுதாக விட மனம் வரவில்லை. போட்டுப் பார்த்தும் தெரியாமல் போவது வேறு, போட்டே பார்க்காதது வேறு. அந்த ஃபிட்டருக்குக் கோடை தெரியாது. எனக்குத் தெரியுமே.

பழையது

டிக்கியில் கிடந்த பழைய செட்டைக் கொட்டகையிலேயே ஒரு பேட்டரியில் மாட்டிப் பார்த்திருந்தோம். அதே 0.4 ஆம்பியர். ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க, பார்க்கிறேன் என்றார் அவர். அப்பா வேண்டாம் என்றார். எதற்கு என்று அப்போது சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது தோப்பில் பம்ப் ரூம் கதவைத் திறந்தால் அது உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு பலகை, பலகைமேல் செட், கீழே எல்ஈடி விளக்குக்குப் போடும் 12 வோல்ட் சப்ளை ஒன்று, கதவிலிருந்து கழற்றிய மாதிரி இரண்டு பழைய ஸ்பீக்கர். அந்தக் கொட்டகைக்காரர் வந்து மாட்டிக்கொடுத்திருக்கிறார். ஆன்டெனா துளையில் ஒரு செம்புக் கம்பி செருகி ஜன்னல் வழியே மேலே தூக்கிக் கட்டியிருந்தது. அளந்து பார்த்தேன், 75 சென்டிமீட்டருக்கு ஒரு விரல் கூட. எந்தக் குற்றத்துக்காக அதைக் காரை விட்டு இறக்கினேனோ, அந்தக் குற்றம் இங்கே செல்லாது. இங்கே தீர்ந்துபோவதற்குப் பேட்டரி கிடையாது, தூங்காமல் எவ்வளவு வேண்டுமானாலும் விழித்திருக்கலாம். குமிழ் இருக்கிறது. அப்பா வாய்க்கால் மடையைத் திருப்பிவிட்டு, சேற்றுக் கையைப் பின்னங்கையாக வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். ஒன்பது இன்ச் திரையில் அந்த வித்தை நடக்காது.

ஒரே ஒரு சிக்கல். தோப்புக்கு வரும் மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும். போய் வரும்போதெல்லாம் அந்தச் செட் தன்னை யாரோ திருடிவிட்டதாக நினைத்துக்கொண்டு நான்கு இலக்க எண்ணைக் கேட்கிறது. மே மாதமே ஒரு நாள் போன் பண்ணி, “ஏப்பா, அந்த அட்டையில என்ன நம்பர் போட்டிருக்கு?” என்று கேட்டார். எதற்கென்று தெரியாமலே படித்துச் சொல்லியிருந்தேன். இப்போது அது ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே, சுண்ணாம்புச் சுவரில், கரிக்கட்டையால் ஒரு சாண் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. ஆபரேஷன் செய்த கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரிகிறதாம்.